அளந்தறிந்த பின் வாங்குவோம்

கணிப்பொறியோடு பழகுவோர் பலரிடம் ஆயத்தமாக ஒரு விடை உண்டு. பட்டியல் திரைக்கு வர நேரமாகிறதா? "வட்டு மெதுவாக இருக்கிறது." பணம் கட்டியவரின் பெயர் உடனே பதிவாகவில்லையா? "வட்டு மெதுவாக இருக்கிறது." அதைத் தொடர்ந்து வரும் பரிந்துரையும் ஆயத்தமானதே: "பெரிய வட்டாக மாற்றிவிடுங்கள்." கிளவுட் என்று நாம் அழைக்கும் மேகக் கணிமையில் இது மிக எளிய செயல். கடைக்குப் போக வேண்டாம். திருப்புளியைத் தேட வேண்டாம். திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். மாத முடிவில் கட்டணச் சீட்டு மட்டும் கனத்து வரும்.

"வட்டு மெதுவாக இருக்கிறது" என்பது ஒரு முறையீடு. அது நோயின் பெயராகாது. முறையீட்டைக் கேட்டவுடன் மருந்து வாங்குவது, வண்டியின் அச்சு முறிந்திருக்க மாட்டை மாற்றிப் பூட்டுவதைப் போன்றது. முதலில் அளக்க வேண்டும். பிறகே வாங்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர்களாக மாணவர்களை உருவாக்குவது நம் துறையின் கடமை என்பதே என் கருத்து.

வாடகைக்கு வருவது எது?

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்புக் கருவியில் 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. அன்று தொடங்கி நெடுங்காலம் வட்டு என்பது சுழலும் பொருளாகவே இருந்தது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்கும்போது விநாடிக்கு நூறு, நூற்றைம்பது முறை படிப்பதே பெரிது. நம் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் எத்தனையாவது தடத்திலிருந்து எத்தனையாவது தடத்திற்குத் தலை நகரும் என்று கணக்குப் போடுகிறோமே, அது இந்த வட்டுக்கு உரியது.

மேகக் கணிமையின் வட்டு வேறு பிறவி. 2008-இல் அமேசான் நிறுவனம் எலாஸ்டிக் பிளாக் ஸ்டோர் என்னும் வாடகை வட்டை அறிமுகப்படுத்தியது. சுருக்கமாக ஈ.பி.எஸ். என்பர். அந்த வட்டு நம் சர்வரின் பெட்டிக்குள் இருப்பதில்லை. சர்வர் ஓரிடம், வட்டு வேறோரிடம், இடையில் வலையமைப்பு. இன்று அதில் தரவுத்தளங்களுக்குப் பெரும்பாலும் பயன்படும் வகைகளில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. அவ்வாறாயின் வேகத்தை எது தீர்மானிக்கிறது? பெருமளவு, நாம் கட்டும் வாடகைக்கு ஏற்ப விதிக்கப்பட்ட வரம்புகளே. "விநாடிக்கு இத்தனை முறை, இத்தனை மெகாபைட்" என்னும் வாக்குறுதியையே நாம் வாடகைக்கு எடுக்கிறோம். அந்த வரம்பைத் தாண்டினால் வட்டு உடைவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை. கோரிக்கைகள் ஓசையின்றி வரிசையில் நிற்கத் தொடங்குகின்றன. தலை போயிற்று, வரிசை போகவில்லை! நோயைக் கண்டறிவது கடினமாவதும் இதனாலேயே.

மூன்று அளவுகள்

கிணற்றிலிருந்து வீட்டுக்கு நீர் சுமப்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை நடை என்பது ஓர் அளவு. மொத்தத்தில் எத்தனை குடம் நீர் வந்து சேர்ந்தது என்பது இரண்டாவது. ஒரு நடை போய்வர எவ்வளவு நேரம் என்பது மூன்றாவது. வட்டுக்கும் இம்மூன்றே. விநாடிக்கு எத்தனை முறை படிக்கிறோம், எழுதுகிறோம் என்பதை ஐ.ஓ.பி.எஸ். என்கிறோம். விநாடிக்கு எத்தனை மெகாபைட் கடந்தது என்பதை த்ரூபுட் என்கிறோம். ஒரு கோரிக்கை போய்த் திரும்ப ஆகும் நேரத்தைத் தாமதம் என்கிறோம்.

ஈ.பி.எஸ். வட்டில் 2020 டிசம்பரில் வந்த ஜி.பி.3 என்னும் வகையைச் சான்றாகக் கொள்வோம். அடிப்படை வாடகைக்கே 3,000 ஐ.ஓ.பி.எஸ்., விநாடிக்கு 125 மெகாபைட் என இரு வரம்புகள் அதற்கு உண்டு. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஒரு பக்கத்தை 8 கிலோபைட்டாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கமாக 3,000 முறை படித்தால் வருவது ஏறத்தாழ 24 மெகாபைட்தான். 125-இல் 24! த்ரூபுட் ஐந்தில் நான்கு பங்கு சும்மா கிடக்கிறது, ஆனால் ஐ.ஓ.பி.எஸ். தீர்ந்துவிட்டது. மாறாக, முழு அட்டவணையையும் 256 கிலோபைட் கட்டுகளாகப் படித்தால் விநாடிக்கு 500 முறையிலேயே 125 மெகாபைட் நிறைந்துவிடும். இங்கே ஐ.ஓ.பி.எஸ். சும்மா கிடக்கிறது. இரண்டு இடத்திலும் முறையீடு ஒன்றே. மருந்து ஒன்றாகுமா? முதலாமவர் த்ரூபுட்டையும் இரண்டாமவர் ஐ.ஓ.பி.எஸ்.ஸையும் கூட்டி வாங்கினால் இருவர் பணமும் வீண்.

மூன்றாவது அளவாகிய தாமதம் இன்னும் நுட்பமானது. ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961-இல் வரிசைகளைப் பற்றிய ஓர் எளிய விதியை நிறுவினார். வரிசையில் சராசரியாக இருப்போர் எண்ணிக்கை, விநாடிக்கு வருவோர் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். இதை நம் வட்டுக்குப் பொருத்துவோம். ஒரு கோரிக்கைக்கு 1 மில்லி விநாடி ஆகிறது. நம் நிரல் ஒன்றை அனுப்பி, விடை வந்தபின்தான் அடுத்ததை அனுப்புகிறது. அப்படியானால் விநாடிக்கு 1,000-க்கு மேல் போகவே முடியாது. 3,000 வாங்கினாலும் 1,000, 16,000 வாங்கினாலும் அதே 1,000! இங்கே நீர் சுமப்பவர் ஒருவரே. கிணற்றை அகலப்படுத்தி என்ன பயன்?

தீர்ந்துபோகும் கையிருப்பு

"காலையில் நன்றாக ஓடியது, அரை மணியில் படுத்துவிட்டது" என்னும் முறையீடும் உண்டு. ஜி.பி.3-க்கு முந்தைய ஜி.பி.2 வகையில் இதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. அதில் ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐ.ஓ.பி.எஸ். என்பது கணக்கு. 100 ஜிகாபைட் வட்டுக்கு 300 கிடைக்கும். எனினும் பயன்படுத்தாத காலத்தில் சேர்ந்த கையிருப்பைக் கொண்டு 3,000 வரை பாயலாம். கையிருப்பின் உச்சம் 54 லட்சம். விநாடிக்கு 3,000 செலவு, 300 வரவு என்றால் நிகரச் செலவு 2,700. 54 லட்சம் 2,000 விநாடியில் தீரும். அதாவது சுமார் 33 நிமிடம். அதன்பின் வேகம் பத்தில் ஒரு பங்கு. மீண்டும் முழுதாக நிரம்ப, வட்டைத் தொடாமல் விட்டாலும் 5 மணி நேரம் ஆகும்.

பத்து நிமிடச் சோதனையில் இந்த வட்டு நல்ல பெயர் வாங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். மெய்யான சுமை வரும் நாளில்தான் உண்மை தெரியும். சிறிய சர்வர்களுக்கும் இதே போன்ற குணம் உண்டு. வட்டோடு பேசும் உச்ச வேகத்தை அவற்றில் பல 24 மணி நேரத்திற்கு ஒருமுறை 30 நிமிடத்திற்கே உறுதியாகத் தருகின்றன. ஆகவே வட்டுக்கு ஒரு வாசல், சர்வருக்கு ஒரு வாசல் என இரண்டு இருக்கின்றன. குறுகிய வாசல் சர்வருடையதாக இருக்க, வட்டின் வாசலை அகலப்படுத்துவது அன்றாடம் நிகழும் பிழை.

இன்னொன்றும் உண்டு. ஸ்நாப்ஷாட் எனப்படும் காப்புப் படியிலிருந்து புதிய வட்டை உருவாக்கினால், அது உடனே ஆயத்தமானதுபோல் தோன்றும். உண்மையில், தனியே ஏற்பாடு செய்யாவிட்டால், ஒவ்வொரு பகுதியும் முதன்முறை கேட்கப்படும்போதுதான் தொலைவில் உள்ள கிடங்கிலிருந்து வந்து சேரும். புதிய வட்டு பழையதைவிட மெதுவாக இருக்கிறதே என்று திகைப்பவர், முதற்படிப்பா இரண்டாம் படிப்பா என்று பார்த்தால் திகைப்பு நீங்கும்.

எங்கே பார்ப்பது?

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயையும் அதன் மூலத்தையும் தெரிந்துகொண்ட பிறகே தணிக்கும் வழிக்குப் போகச் சொல்கிறார். அந்த வரிசை நமக்கும் பொருந்தும்.

முதலில் தரவுத்தளத்தையே கேட்க வேண்டும். போஸ்ட்கிரஸில் பி.ஜி. ஸ்டாட் ஆக்டிவிடி என்னும் காட்சி, ஒவ்வோர் இணைப்பும் எதற்காகக் காத்திருக்கிறது என்று சொல்லும். வட்டிலிருந்து பக்கம் வரவா, எழுதியது உறுதியாகவா, அல்லது இன்னொருவர் போட்ட பூட்டுத் திறக்கவா? பூட்டுக்காகக் காத்திருப்பவருக்கு வட்டு என்ன செய்யும்?

அடுத்து, லினக்ஸில் ஐயோஸ்டாட் என்னும் கருவியை ஒரு விநாடி இடைவெளியில் ஓட விட வேண்டும். அதில் பயன்பாட்டு விழுக்காடு என்று ஒரு நெடுவரிசை வரும். அது 100-ஐத் தொட்டவுடன் வட்டு நிரம்பிவிட்டது என்று பலர் முடிவு கட்டுகின்றனர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கவனித்த பழைய வட்டுக்கு அது சரி. ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனிக்கும் இன்றைய வட்டுக்கு, "எப்போதும் குறைந்தது ஒரு கோரிக்கையாவது உள்ளே இருந்தது" என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. காத்திருப்பு நேரத்தையும் வரிசையின் நீளத்தையும்தான் நோக்க வேண்டும். எண்ணிக்கை வாங்கிய வரம்பிலேயே கோடு கிழித்தாற்போல் நிற்க, வரிசை நீண்டுகொண்டே போனால் வரம்பு நிறைந்துவிட்டது என்று பொருள். எண்ணிக்கை குறைவு, காத்திருப்பு மிகுதி என்றால் த்ரூபுட், சர்வரின் வாசல், ஸ்நாப்ஷாட் மூன்றையும் ஐயுற வேண்டும். எண்ணிக்கையும் குறைவு, காத்திருப்பும் குறைவு, வரிசையும் ஒன்றுக்குக் கீழ் என்றால் வட்டு ஓய்வாக இருக்கிறது. நோய் மேலே எங்கோ இருக்கிறது.

இவ்விரண்டும் முடிந்த பின் கேட்க வேண்டியது மூன்றாவது கேள்வி: இத்தனை கோரிக்கைகளை அனுப்புவது யார்? ஒரு கோடி வரிசைகள் கொண்ட அட்டவணையில் ஒரு வரிசை 200 பைட் என்போம். மொத்தம் 2 ஜிகாபைட். இண்டெக்ஸ் இல்லாமல் ஒரு பெயரைத் தேடினால் முழுவதையும் படிக்க வேண்டும். 125 மெகாபைட் வேகத்தில் 16 விநாடி. இருமடங்கு த்ரூபுட் வாங்கினால் 8 விநாடி. இண்டெக்ஸ் ஒன்றை அமைத்தால் நான்கைந்து பக்கங்களைப் படித்தால் போதும். ஐந்து மில்லி விநாடி! வாங்குவதால் பாதியாகும் நேரத்தை, அறிவதால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவரலாம். இண்டெக்ஸும் இலவசமன்று, எழுதும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டும். ஆயினும் எது தேவை என்று தெரிந்து கொடுக்கும் விலை அது.

ஆபத்தான குறுக்குவழி

இதுவரை சொன்னவை பணத்தையும் நேரத்தையும் பற்றியவை. இனிச் சொல்வது அதனினும் பெரியது. நான் இக்கட்டுரையை எழுத முன்வந்ததும் இதற்காகவே.

நாம் ஒரு டிரான்சாக்‌ஷனை கமிட் செய்யும்போது தரவுத்தளம் ஒரு வாக்குக் கொடுக்கிறது: "மின்சாரம் போனாலும் இந்தப் பதிவு போகாது." அந்த வாக்கைக் காக்க, பதிவேட்டு வரியை வட்டில் எழுதி, எஃப்சிங்க் என்னும் கட்டளையால் அது உறுதியாயிற்று என்னும் விடையைப் பெற்ற பின்பே "ஆயிற்று" என்கிறது. வலையமைப்புக்கு அப்பால் உள்ள வட்டில் இந்த உறுதிப்பாட்டுக்கு 1 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரே இணைப்பில் ஒரு லட்சம் வரிசைகளை ஒவ்வொன்றாக கமிட் செய்தால் இதற்கே 100 விநாடி போய்விடும்.

இதைக் கண்ட அவசரக்காரர் ஒருவர் எஃப்சிங்க்கை நிறுத்திவிடச் சொல்வார். நிறுத்தினால் வேகம் பறக்கும், மெய்தான். ஆனால் சர்வர் திடீரென்று நின்றால் தரவுத்தளம் மீட்க முடியாதபடி சிதையலாம். போஸ்ட்கிரஸின் கையேடே இதை எச்சரிக்கிறது. ஆயிரம் வரிசைகளை ஒரே டிரான்சாக்‌ஷனாகக் கட்டி கமிட் செய்தால் ஒரு லட்சத்திற்கு 100 கமிட்தான்; காத்திருப்பு 100 விநாடியிலிருந்து பத்தில் ஒரு விநாடியாகச் சுருங்கும். வாக்கும் பிறழவில்லை, வேகமும் வந்தது. அளந்தவருக்கு இந்த வழி தெரியும். அளக்காதவருக்கு வாக்கை முறிப்பதொன்றே வழியாகத் தெரியும்.

எஃப்சிங்க் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. லினக்ஸில் ஒருமுறை எஃப்சிங்க் தோற்றால், மீண்டும் முயலும்போது முன்பு எழுதப்படாமல் போனவை எழுதப்பட்டனபோல் "வெற்றி" என்று விடை வரக்கூடும் என்பதை போஸ்ட்கிரஸை உருவாக்குவோர் 2018-இல் உணர்ந்தனர். பல ஆண்டு உழைத்த வல்லுநர்களுக்கே அது அதிர்ச்சி. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகள் முதல், எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் மறுமுயற்சி செய்யாமல் நின்று, பதிவேட்டைக் கொண்டு தன்னை மீட்டுக்கொள்கிறது. பொய்யாக ஓடுவதைவிட நின்றுவிடுவது மேல் என்று அவர்கள் முடிவு செய்தனர். அத்தகையோர் கட்டிக் காத்த வாக்கை, ஒரு வரி அமைப்பு மாற்றத்தால் நாம் அழிக்கலாமா? அட்டவணையில் இருப்பது வெறும் எண்ணன்று. ஒருவர் கட்டிய பணம், ஒரு நோயாளியின் இரத்த வகை, ஒரு மாணவியின் மதிப்பெண்.

ஓர் எதிர்வாதம்

"ஒரு நாள் முழுதும் அளந்துகொண்டிருக்கும் ஊழியரின் சம்பளத்தைவிட, பெரிய வட்டின் கூடுதல் வாடகை குறைவு, வாங்கிவிடுவதே சிக்கனம்" என்று சிலர் வாதிடுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. வரம்பு நிறைந்துவிட்டது என்று தெளிவாகத் தெரியும் இடத்தில் தயங்காமல் வாங்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அந்தத் தெளிவு அளவையால் வருவது. மேலும் சம்பளம் ஒரு நாளுக்கு. வாடகை ஒவ்வொரு மாதத்திற்கும். தேவையற்ற வட்டைக் குறைக்க எவரும் துணிவதில்லை, "ஏதேனும் ஆகிவிட்டால்?" என்னும் அச்சம். காரணம் அறியாமல் வாங்கியதைக் காரணம் அறியாமல் விடவும் முடியாது. நோய் இண்டெக்ஸில் இருந்தால், தரவு வளர வளர அது மீண்டும் தலைதூக்கும். அன்றும் ஒரு பெரிய வட்டு வாங்குவோம். இதற்கு முடிவு எங்கே?

நம் துறைக்கு ஒரு வேண்டுகோள்

தடங்களில் தலை நகரும் கணக்கை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வரிசை என்றால் என்ன என்பதை அது அழகாகக் கற்பிக்கிறது. அதனோடு இன்றைய வட்டை அளக்கும் பயிற்சி ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்றே ஆசிரியப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு மேகக் கணிமைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆய்வகத்தில் ஒரே ஒரு கணிப்பொறி, அதில் லினக்ஸ், போஸ்ட்கிரஸ். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. போஸ்ட்கிரஸுடன் பி.ஜி. பெஞ்ச் என்னும் சோதனைக் கருவியும் வருகிறது. லினக்ஸின் சி-குரூப் வசதியைக் கொண்டு, விநாடிக்கு 300 முறைக்கு மேல் வட்டைத் தொடக்கூடாது என்று நாமே தரவுத்தளத்திற்கு வரம்பு விதிக்கலாம். மேகத்தில் நிகழ்வது நம் மேசையிலேயே நிகழும்! ஒரு குழு இரகசியமாக நோயை உண்டாக்கட்டும்: வரம்பைக் குறைக்கட்டும், இண்டெக்ஸை நீக்கட்டும், அல்லது ஒரு பூட்டைப் போட்டுவிட்டுச் செல்லட்டும். மற்றொரு குழு எண்களை மட்டும் கொண்டு எது நோய் என்று கண்டுபிடிக்கட்டும். விடைத்தாளில் எழுதிய பத்துப் பக்கம் மறந்துபோகலாம். தன் கையால் கண்டுபிடித்த ஒரு நோய் மறக்காது.

படிப்பை முடித்து வெளியே போகும் நம்மில் பலர், வேறொருவர் வாடகை கட்டும் சர்வரின் முன்னால் அமரப் போகிறோம். அன்று "வட்டு மெதுவாக இருக்கிறது" என்று யாரேனும் சொன்னால், "எத்தனை முறை, எத்தனை மெகாபைட், எவ்வளவு தாமதம்?" என்று அமைதியாகத் திருப்பிக் கேட்போம். எண்கள் வட்டைக் குற்றம் சாட்டினால் வாங்கச் சொல்வோம். வேறொன்றைக் காட்டினால் அதைச் சரி செய்வோம். எதுவாயினும், பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பதிவை வேகத்திற்காக விலைபேச மாட்டோம்.